ஃபிராங்க்ளினின் டைம்டேபிள்: எது நின்றது, எது நிற்கவில்லை

நேரத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் நாள் அட்டவணையை எடுத்துக் காட்டிவிடுவார். காலை 5 மணிக்கு எழுந்திருப்பது, 8 முதல் 12 வரை வேலை, 2 முதல் 6 வரை மறுபடி வேலை, இரவு 10 மணிக்குப் படுக்கை என்று 24 மணி நேரமும் ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். பார்த்தவுடன் நமக்கும் அதேபோல் ஒன்று போட்டுச் சுவரில் ஒட்டத் தோன்றும். ஆனால் அந்த அட்டவணையை எழுதியவரே, தன்வரலாற்றில் அதைக் கொடுத்த சில பக்கங்களுக்குள், தனக்கு எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை கொடுத்தது இந்த ஒழுங்கு விஷயம்தான், இதில் தான் திருந்தவே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். அட்டவணை ஊரெல்லாம் சுற்றுகிறது, அதற்கு அடியில் இருக்கிற இந்த வரிகளைப் படித்தவர்கள் குறைவு.

எனக்கு இது ஒரு நல்ல நிகழ்வு ஆய்வாகப் படுகிறது. ஒரே மனிதர் தன் நேரத்தைப் பல வழிகளில் ஒழுங்குபடுத்திப் பார்க்கிறார், சில வழிகள் பலன் கொடுக்கின்றன, மிகப் பிரபலமான வழி தோற்றுப்போகிறது, ஏன் தோற்றது என்று அவரே காரணமும் சொல்கிறார். இவ்வளவு விவரத்தோடு இன்னொரு ஆளின் நாள்களை நாம் பார்ப்பது அபூர்வம்.

பின்னணி

1706-ல் பாஸ்டனில் பிறந்தவர். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்து, 17 வயதில் அங்கிருந்து ஓடிப் பிலடெல்பியா வந்து, 1728-ல் மெரிடித் என்ற கூட்டாளியோடு சொந்த அச்சகம் தொடங்கினார். 1729-ல் ஒரு செய்தித்தாளை வாங்கி நடத்த ஆரம்பித்தார், 1732-லிருந்து பஞ்சாங்கம் போட்டார், 1736-ல் மாகாணச் சட்டமன்றத்தின் எழுத்தர், 1737-ல் பிலடெல்பியாவின் தபால் அதிகாரி. இடையில் நண்பர்கள் குழு, நூலகம், தீயணைப்புச் சங்கம். அந்த அட்டவணை பிறந்தது இப்படி வேலைக்கு மேல் வேலை ஏறிக்கொண்டிருந்த 1730-களில்தான். நேரம் தாராளமாக இருந்த ஒருவர் பொழுதுபோகாமல் போட்ட திட்டம் இல்லை அது.

பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயிற்சி எடுப்பது என்று அவர் ஆரம்பித்தார். மூன்றாவது பண்பு ஒழுங்கு: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம். இதற்காக ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு இழுத்து, வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்தி, பதின்மூன்று பண்புக்குப் பதின்மூன்று வரிசை. எந்தப் பண்பில் எந்த நாள் தவறினாரோ அந்தக் கட்டத்தில் கருப்புப் புள்ளி. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும், வருடத்துக்கு நான்கு சுற்று. ஒவ்வொரு புதுச் சுற்றுக்கும் பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்து எடுத்துத் தாளே ஓட்டை விழுந்துபோனதாக எழுதுகிறார். அப்புறம் அந்தக் கட்டங்களைத் தந்தத் தகடுகளில் அழியாத சிவப்பு மையில் வரைந்துகொண்டு, புள்ளியைப் பென்சிலால் வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துவிடுகிற ஏற்பாட்டுக்கு மாறினார். இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்தவருக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்லி இந்தக் கதையை முடித்துவிட முடியாது. காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அட்டவணை எங்கே உடைந்தது

அட்டவணையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். காலை 5 முதல் 8 வரை எழுந்து, கழுவி, இறைவனை நினைத்து, அன்றைய வேலையைத் திட்டமிட்டு, கையில் இருக்கிற படிப்பைத் தொடர்ந்து, சாப்பிட வேண்டும். இந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இன்று என்ன நல்லது செய்யப்போகிறேன்? 8 முதல் 12 வரை வேலை. 12 முதல் 2 வரை வாசிப்பு, கணக்குப் பார்ப்பது, மதிய உணவு. 2 முதல் 6 வரை வேலை. 6 முதல் 10 வரை பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பது, இரவு உணவு, இசை அல்லது பேச்சு, அன்றைய நாளைச் சோதித்துப் பார்ப்பது. இங்கேயும் ஒரு கேள்வி: இன்று என்ன நல்லது செய்தேன்? 10 முதல் 5 வரை தூக்கம்.

இதில் வேலை என்று இரண்டு பெரிய கட்டம் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். தன் நேரம் தன் கையில் இருக்கிற ஒரு கூலி அச்சுத் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரலாம், கடையின் முதலாளிக்கு ஒத்துவராது என்கிறார் ஃபிராங்க்ளின். முதலாளி ஊரோடு பழகியாக வேண்டும், தொழில் விஷயமாக வருகிறவர்களை அவர்களுக்கு வசதியான நேரத்தில் பார்த்தாக வேண்டும். காலை 6 மணிக்கு ஒருவர் அவசரமாக ஒரு படிவம் அச்சடிக்க வேண்டும் என்று வந்து நின்றால் படிப்பு நேரம் போய்விட்டது. மதியம் 1 மணிக்கு விளம்பரம் கொடுக்க ஒருவர் வந்தால் வாசிப்பு போய்விட்டது. தாளில் அந்த மணி நேரம் அவர் பெயரில் இருந்தது, நடப்பில் அது வாடிக்கையாளர் பெயரில் இருந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்த முழு ஆய்வின் மையமே இதுதான். நேரத்தைத் திட்டமிடுகிற நாம் எல்லோரும் ‘இந்த நேரத்தில் என்ன செய்யலாம்’ என்பதிலிருந்து ஆரம்பிக்கிறோம். அதற்கு முன்னால் ‘இந்த நேரம் யாருடையது’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் போடுகிற அட்டவணை, அதைப் போட்டவர் எவ்வளவு ஒழுக்கமானவராக இருந்தாலும், இரண்டாவது வாரம் தாண்டுவது கஷ்டம். அப்புறம் பழி நம் சோம்பேறித்தனத்தின் மேல் விழும், அடுத்த மாதம் இன்னும் கடுமையான ஒரு அட்டவணை போடுவோம், அதுவும் அதே இடத்தில் உடையும்.

இரண்டாவதாக அவர் சொல்கிற காரணம் அதிகம் பேசப்படாதது. தனக்கு ஞாபகசக்தி மிக நன்றாக இருந்ததால் ஒழுங்கில்லாததன் தொந்தரவு அப்போது தெரியவில்லை, வயதாகி ஞாபகம் மங்கிய பிறகுதான் அது உறைக்கிறது என்று எழுதுகிறார். இளம் வயதில் எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டிவிடுகிற ஆட்களை நாம் பார்க்கிறோம், கேலண்டர் எதற்கு என்பார்கள். பொறுப்புகள் கூடும்போது திடீரென்று ஒரு நாள் அது தாங்காமல் போகிறது, அந்த வயதில் புதுப் பழக்கம் பிடிபடுவதும் இல்லை.

மூன்றாவது காரணத்தை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அந்த அட்டவணையில் வீடு இல்லை. குழந்தை இல்லை, சமையல் இல்லை, நோய் இல்லை, கடைகண்ணிக்குப் போவது இல்லை. அதெல்லாம் நடக்காமல் இல்லை, வேறு யாரோ செய்தார்கள். மனைவி டெபோரா கடையைப் பார்த்துக்கொண்டதையும், துண்டு நூல்களை மடித்துத் தைத்ததையும், காகிதம் செய்கிறவர்களுக்காகப் பழைய துணி வாங்கிச் சேர்த்ததையும் ஃபிராங்க்ளினே நன்றியோடு எழுதியிருக்கிறார். பிற்பாடு அந்த வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். ஒரு சாதனையாளரின் நாளைப் பார்த்து நம் நாளை அளக்கும்போது, அவருடைய நாளுக்குள் இன்னும் எத்தனை பேருடைய நேரம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் விடுவது நமக்கு நாமே செய்துகொள்கிற அநியாயம். வீட்டு வேலை முழுக்கத் தன் தலையில் இருக்கிற ஒரு பெண் இந்த அட்டவணையை வைத்துத் தன்னைக் குறைத்து எடைபோடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

நின்றவை

இனி மறுபக்கம். அட்டவணை தோற்றது உண்மை, ஆனால் அந்த மனிதர் செய்து முடித்த வேலைக்குக் கணக்கில்லை. அப்படியானால் வேறு ஏதோ பலன் கொடுத்திருக்கிறது. தன்வரலாற்றைத் தேடிப் படித்தால் அது கிடைக்கும். எல்லாமே சின்னச் சின்ன ஏற்பாடுகள், ஒன்றுகூட 24 மணி நேரத்தைத் தொடவில்லை.

சிறுவனாக அண்ணன் அச்சகத்தில் இருந்தபோது, வேலைக்கு முன் காலையிலும் வேலை முடிந்து இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் படிக்க முடிந்தது. 16 வயதில் சைவ உணவுக்கு மாறியதும், தன் சாப்பாட்டுக்கு ஆகிற செலவில் பாதியைக் கையில் கொடுத்துவிட்டால் தானே பார்த்துக்கொள்வதாக அண்ணனிடம் பேசி முடித்தார். மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது அச்சகத்திலேயே தங்கி, ஒரு பிஸ்கட்டோ ரொட்டித் துண்டோ கொஞ்சம் உலர்திராட்சையோ சாப்பிட்டுவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை படித்தார். அந்த ஏற்பாடு ஏன் நின்றது என்று பாருங்கள்: அந்த நேரத்தில் அச்சகத்தில் அவரைக் கூப்பிட ஆளே இல்லை. நேரம் உண்மையிலேயே அவருடையது.

பின்னால் நூலகம் வந்த பிறகு தினமும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ படிப்புக்கு ஒதுக்கி வைத்ததாக எழுதுகிறார். கவனியுங்கள், ‘ஒன்றோ இரண்டோ’. எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. அளவு இருக்கிறது, ஆனால் நாளுக்கு ஏற்ப நகரவும் இடம் இருக்கிறது. வாடிக்கையாளர் வந்துவிட்டால் தள்ளிப்போகுமே ஒழியத் தொலைந்துபோகாது.

எனக்கு மிகவும் பிடித்தது அச்சகம் தொடங்கிய புதிதில் நடந்தது. குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரின் வரலாறு பற்றிய பெரிய நூல் ஒன்றில் நாற்பது தாள் அச்சடிக்கும் வேலை வந்தது. ஃபிராங்க்ளின் தினமும் ஒரு தாளுக்கு அச்சுக் கோப்பது, மெரிடித் அதை அடித்து எடுப்பது. அந்தக் காலத்து அச்சு வேலையில் கோத்து முடித்தால் வேலை முடிந்துவிடாது, அடித்து முடித்த பக்கங்களின் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் கட்டத்தில் திரும்பப் போட்டால்தான் மறுநாளைக்கு எழுத்து கிடைக்கும். நடுவில் நண்பர்கள் அனுப்புகிற சில்லறை வேலைகள் வந்து பின்னுக்கு இழுக்கும். எல்லாம் முடிய இரவு 11 மணி ஆகும், சில நாள் அதற்கு மேலும் ஆகும். ஒரு நாள் இரவு பக்கங்களைச் சட்டத்தில் இறுக்கி வைத்து, வேலை முடிந்தது என்று நினைத்த நேரத்தில், ஒரு சட்டம் தவறி உடைந்து இரண்டு பக்க எழுத்துகளும் குவியலாகக் கொட்டிவிட்டன. அந்த அளவுப் புத்தகத்தில் ஒரு தாளுக்கு நான்கு பக்கம், ஆக அன்றைய உழைப்பில் பாதி தரையில். அவர் அந்த எழுத்துகளை அப்போதே பிரித்து, மறுபடி கோத்துவிட்டுத்தான் படுத்தார்.

இரவு 10 மணித் தூக்கம் என்கிற பேச்சே இங்கே இல்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்தது கடிகாரத்தை இல்லை, நாளுக்கு ஒரு தாள் என்கிற அளவை. முடிந்ததா இல்லையா என்று சந்தேகமே வராத அளவு அது. எத்தனை பேர் நடுவில் குறுக்கிட்டாலும் அந்த ஒரு தாள் அன்று வெளியே வந்துவிடும். இதை அக்கம்பக்கத்தார் கவனித்தார்கள், வணிகர்கள் சங்கத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது, அதைக் கேட்ட ஒருவர் கடனுக்குச் சரக்குக் கொடுக்க முன்வந்தார் என்றெல்லாம் அவர் எழுதுகிறார். ஆனால் ஒன்று, இப்படி ராத்திரி கண்விழிப்பது நாற்பது தாள் மாதிரி முடிவு தெரிகிற வேலைக்குச் சரி. முடிவே இல்லாத அன்றாட வேலைக்கு இதை வழக்கமாக்கினால் உடம்பு தாங்காது.

இன்னொன்று 1733 வாக்கில். இத்தாலிய மொழி கற்றுக்கொண்டிருந்தபோது, அதே மொழியைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர் அடிக்கடி சதுரங்கம் ஆடக் கூப்பிட்டு நேரத்தைத் தின்றுகொண்டிருந்தார். ஆட்டத்தை நிறுத்துவதற்குப் பதில் ஃபிராங்க்ளின் ஒரு நிபந்தனை போட்டார். ஜெயிக்கிறவர் தோற்றவருக்கு இலக்கணத்தில் ஒரு பகுதியை மனப்பாடம் செய்யவோ மொழிபெயர்க்கவோ வேலை கொடுக்கலாம், அடுத்த சந்திப்புக்குள் அதை முடித்தாக வேண்டும். இருவரும் ஏறக்குறையச் சமமாக ஆடியதால் ஒருவரையொருவர் அடித்து அந்த மொழிக்குள் தள்ளினோம் என்கிறார். நேரத்தை எடுத்துக்கொள்கிற ஆளையே படிப்புக்குக் காவலாக மாற்றியது அற்புதமான யோசனை. தனியாக உட்கார்ந்து எடுக்கிற தீர்மானத்தைவிட, இன்னொருவர் வந்து ‘முடித்துவிட்டாயா’ என்று கேட்கப்போகிறார் என்பது நம்மில் பெரும்பாலோருக்கு நன்றாகவே வேலை செய்யும்.

1748

42 வயதில் அவர் எடுத்த முடிவுதான் பெரியது. டேவிட் ஹால் என்பவரைக் கூட்டாளியாக்கி, அச்சகத்தின் முழு நிர்வாகத்தையும் அவரிடம் விட்டுவிட்டு, லாபத்தில் பங்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம், 18 ஆண்டுகளுக்கு. வாடிக்கையாளர் பெயரில் இருந்த நேரத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார் என்றே சொல்லலாம். படிக்கவும் சோதனைகள் செய்யவும் ஓய்வு கிடைத்துவிட்டது என்று அந்த ஆண்டு ஒரு நண்பருக்கு மகிழ்ச்சியோடு கடிதம் எழுதினார். மின்சாரம் பற்றிய அவருடைய நூல் 1751-ல் லண்டனில் வந்தது, மின்னலைச் சோதிக்க இடிமேகத்தில் காற்றாடி விட்டது 1752-ல்.

இங்கேதான் நமக்கு மிகவும் பயன்படுகிற விஷயம் வருகிறது. இப்போது இவருக்கு ஓய்வு இருக்கிறது என்று தெரிந்ததும் பொதுமக்கள் தங்கள் காரியங்களுக்காகத் தன்னைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவரே எழுதுகிறார். ஆளுநர் நீதிபதிப் பொறுப்பு கொடுத்தார், நகர மன்றத்தில் உறுப்பினர் ஆக்கினார்கள், சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில். விலை கொடுத்து வாங்கிய நேரம் சில வருடங்களுக்குள் வேறு கைகளுக்குப் போய்விட்டது. அவற்றில் பல பொறுப்புகளை அவர் விரும்பித்தான் ஏற்றார், அது வேறு விஷயம். இந்தத் தன்வரலாற்றுக்கே நடந்ததைப் பாருங்கள். 1771-ல் நாட்டுப்புறத்தில் ஒரு வாரம் இடையூறில்லாத ஓய்வு கிடைக்கும் என்று நம்பி ஆரம்பித்தார். அடுத்த பகுதியை 1784-ல்தான் எழுத முடிந்தது, அதற்கடுத்தது 1788-ல். 1790-ல் அவர் இறந்தபோது கதை 1757 வாக்கில் நின்றுகொண்டிருந்தது.

நம் நாளுக்கு

இதையெல்லாம் வைத்து நான் யாருக்காவது யோசனை சொல்ல வேண்டும் என்றால், முதல் வாரம் அட்டவணை எதுவும் போடவே வேண்டாம் என்பேன். நடந்ததை மட்டும் குறித்து வையுங்கள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பக்கத்தில் ஒரே ஒரு குறி: இந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் என்னால் ‘அப்புறம் வருகிறேன்’ என்று சொல்ல முடிந்ததா இல்லையா. ஆபீசில் எட்டு மணி நேரம் உட்காருகிறவருக்கு அதில் உண்மையாகத் தன் கையில் இருப்பது எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். ஷிப்ட் பார்க்கிற செவிலியருக்கு வேலை நேரத்தில் அப்படி ஒரு மணி நேரம்கூட இல்லாமல் போகலாம். கைக்குழந்தை இருக்கிறவருக்குக் குழந்தை தூங்குகிற நேரம்கூட முழுதாகத் தன்னுடையது இல்லை, எப்போது எழும் என்று தெரியாது. சரி, கிடைத்தது நாளுக்கு நாற்பது நிமிடம்தான் என்றால் திட்டம் அந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும்தான். மீதி நேரத்தைக் கட்டம் கட்டுவதால் எந்தப் பலனும் இல்லை, மனக்கஷ்டம்தான் மிச்சம்.

அந்த நேரத்துக்குள் போடுகிற வேலைக்கு ஒரு தாள் மாதிரி ஒரு அளவு வேண்டும். ‘படிக்க வேண்டும்’ என்பது அளவு இல்லை, ‘இந்த அத்தியாயத்தின் கணக்குகளில் ஐந்து’ என்பது அளவு. அளவை நிர்ணயிக்கும்போது கை கொஞ்சம் சுருக்கமாக இருக்கட்டும். 1994-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். நடந்தது 55 நாளுக்கும் மேல். மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொன்ன கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது! ஆகவே நம் மதிப்பீட்டை நம்புவதைவிட, இதேபோன்ற வேலை போன முறை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பழைய குறிப்பைப் பார்ப்பது நல்லது. முதல் வாரம் எழுதிவைத்தது இங்கே கைகொடுக்கும்.

காலைக் கேள்வியையும் மாலைக் கேள்வியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அதற்கு இரண்டு நிமிடம் போதும், எவ்வளவு நெருக்கடியான நாளிலும் அது முடியும். புள்ளி வைக்கிற நோட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலருக்கு அது பிடிக்கலாம், ஆனால் தவறுகளை மட்டும் எண்ணுகிற எந்த ஏற்பாடும் ஏற்கெனவே களைத்துப்போன ஆளை இன்னும் களைப்பாக்கும்.

கடைசியாக, திடீரென்று நேரம் கிடைக்கிற சமயங்கள் வரும். குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பிக்கும், ஒரு பொறுப்பு வேறொருவருக்குப் போகும், வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிப் பயண நேரம் மிச்சமாகும், பணி ஓய்வு வரும். அப்படி ஒரு தேதி கண்ணுக்குத் தெரியும்போதே, அது வருவதற்கு முன்னாலேயே, அந்த நேரம் எதற்கு என்று முடிவு செய்து வீட்டிலும் வேலையிடத்திலும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: செவ்வாய், வியாழன் காலை 10 முதல் 12 வரை நான் இருக்க மாட்டேன். முதல் மாதம் அதை இரண்டு மூன்று பேராவது கேட்டு வருவார்கள், கேட்பவர்களும் நியாயமான காரணத்தோடுதான் வருவார்கள், அவர்களுக்குத் தர வேறு ஒரு நேரத்தைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.